பங்குப் படகின் நியாயம்

மடுல்கெல்லவிலிருந்து கடலைக் காண முடியாது. வத்தேகமவையும் பன்விலையையும் தாண்டி, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவிலே பரந்து கிடக்கும் இத் தேயிலை நாட்டில் எத்திசை நோக்கினும் மலைதான். ஆயினும் கடல் இங்கு இல்லாமல் இல்லை. லயத்து அடுப்பிலே வேகும் நெத்தலிக் கருவாட்டில் கடல் இருக்கிறது. இங்கே பெய்யும் மழை ஹுலு கங்கையாகி, மகாவலியிற் கலந்து, திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, இம் மக்களின் குடும்ப நினைவிலே கடல் இருக்கிறது.

அந்த நினைவு இனியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது, தமிழகத்துக் கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் தோணிகளில் நெருக்கியடித்து ஏற்றப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து மலையேறினார்கள். நடையில் மாண்டவர் பலர். பின்னர் 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவு செய்தது. அவர்களுட் பலர் தலைமன்னாரிலே கப்பலேறினார்கள். வந்தபோதும் சென்றபோதும் கடல் அவர்களுக்குக் கடக்கவேண்டிய ஒன்றாக இருந்ததே தவிர, கண்டு களிக்கவேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. இரு முறையும் தலைகளை எண்ணியவர் வேறொருவர்; கட்டணத்தைக் கணக்கிட்டவர் வேறொருவர்; எங்கே இறங்குவதென்று முடிவு செய்தவரும் வேறொருவர்.

இன்று நிலைமை சற்று மாறியிருக்கிறது. படித்து உத்தியோகம் பார்க்கும் மலையக இளைஞர்களும், கொழும்பிலே கடைகளிலும் கம்பனிகளிலும் உழைப்போரும், ஆசிரியர்களும் விடுமுறை நாட்களிலே கரையோரப் பட்டினங்களுக்குப் போகிறார்கள். திருகோணமலையிலோ நீர்கொழும்பிலோ ஐந்தாறு பேர் காசு சேர்த்து ஓர் இயந்திரப் படகை ஒரு நாளுக்கு வாடகைக்கு அமர்த்தி, ஆழ்கடலுக்குச் சென்று தூண்டில் போட்டு வருவதென்பது இப்போது எட்டாத ஆசையன்று. தனியொருவரால் தாங்க முடியாத செலவு பங்கு போட்டால் தாங்கக்கூடியதாகிறது. தம் விருப்பத்தின்பேரில், தம் காசைக் கொடுத்து, திரும்பி வருவதற்காகவே கடலேறுவது இம் மக்களின் வரலாற்றிலே புதுமை. அப் புதுமையை நாம் வரவேற்கிறோம்.

வரவேற்ற கையோடு ஒரு கேள்வியையும் எழுப்பவேண்டியிருக்கிறது. ஒரு படகைப் பங்கு போட்டுக்கொள்ளும்போது நாம் உண்மையில் எதைப் பங்கு போடுகிறோம்? செலவை மாத்திரமா? அல்லது வேறெதையுமா? கேலிக்குரிய சிறு கேள்வி போல இது தோன்றலாம். ஆனால் சமுதாயத்தின் பெரிய நியாயங்கள் சிறிய இடங்களிலேதான் தெளிவாகத் தெரிகின்றன. படகு மிகச் சிறிய இடம். அங்கிருந்து எவரும் வெளியேற முடியாது. ஒருவர் செய்வது அனைவரையும் பாதிக்கும். ஒரு நாள் முழுவதும் அது ஒரு நாடு.

❖

முதலில், படகிலே ஏறிய ஆறு பேரை எடுத்துக்கொள்வோம். செலவை ஆறாகப் பிரித்தாயிற்று. இனி, தூண்டிலை யார் எப்போது பிடிப்பது? படகு ஓடிக்கொண்டிருக்க, பின்புறம் இழுபடும் தங்கூசிகளில் ஏதேனும் ஒன்றை மீன் கவ்வும். அது அறுக்குளாவாக இருக்கலாம், பாரையாக இருக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் பாய்போன்ற முதுகுச் செட்டையை விரிக்கும் மயில்மீனாகவும் இருக்கலாம். கவ்வியதும் ஆறு பேரும் பாய முடியாது. ஆகவே முறை வேண்டும். சீட்டுக் குலுக்கி வரிசை அமைத்துக்கொள்வதே பல இடங்களிலும் வழக்கம். முதல் மீன் முதற் சீட்டுக்காரருக்கு, அடுத்தது அடுத்தவருக்கு.

மலைநாட்டு மக்களுக்கு இது விளக்கிச் சொல்ல வேண்டிய முறையன்று. லயங்களிலே சீட்டுப் பிடிக்காத பெண்கள் அரியர். மாதந்தோறும் எல்லோரும் சமமாகக் காசு போடுகிறார்கள். குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு மொத்தம் போகிறது. ஆனால் கடைசியில் எவரும் விடுபடுவதில்லை. அதிர்ஷ்டம் வரிசையை மாத்திரம் தீர்மானிக்கிறது, உரிமையைத் தீர்மானிப்பதில்லை. படகிலோ நிலைமை வேறு. முதற் சீட்டுக்காரரின் முறையில் ஓர் அறுக்குளா வரலாம். ஆறாமவரின் முறை வருமுன் பொழுது சாய்ந்துவிடலாம். சமமாகக் காசு போட்டவர்களுக்குச் சமமாகப் பலன் கிடைக்கவில்லை. இதனை என்ன செய்வது?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. ஒன்று, பிடித்தவருக்கே மீன் என்பது. மற்றது, எவர் முறையில் வந்தாலும் மீன் படகிலுள்ள அனைவருக்கும் என்பது. முதலாவது விடை விளையாட்டு உலகத்தின் விடை. 1939ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கத்தின் விதிகளின்படி, மீன் கவ்வியதிலிருந்து அது கைக்கெட்டும்வரை தூண்டிற்கோலையோ நரம்பையோ வேறெவரேனும் தொட்டுவிட்டால் அந்த மீன் சாதனைப் பட்டியலில் இடம்பெறாது. பிறர் கைபட்டால் சாதனை கெட்டுப்போகிறது! தனிமனிதவாதத்தின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத முடியாது.

இரண்டாவது விடை கரையோர மக்களின் விடை. கரைவலை இழுக்கும்போது கயிற்றின் எந்த இடத்தைப் பிடித்தவரின் பக்கம் மீன் அதிகம் சேர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை. வலை ஒன்று, இழுவை ஒன்று, பாடும் ஒன்று. நாம் எந்த விடையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலே நாம் எந்த உலகத்தைச் சேர்ந்தவர்கள் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. தூண்டிலைப் பிடிக்கும் இன்பத்தைச் சீட்டுக் குலுக்கிப் பகிர்வது சரி. இன்பத்தைத் துண்டு போட முடியாது. மீனைத் துண்டு போடலாம். பகிரக்கூடியதை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுவது நியாயமன்று.

❖

இரண்டாவது சிக்கல் கடுமையானது. கரை மறைந்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கிறது. ஆறு பேரில் ஒருவருக்குத் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஓடும் பஸ்ஸிலே வாந்தி எடுத்துப் பழகியவர்களுக்கும் கடலின் ஆட்டம் வேறு. வயிற்றிலே ஒன்றும் மிஞ்சாத நிலையில் அவர் பலகையிலே சுருண்டு கிடக்கிறார். கரைக்குத் திரும்பவேண்டுமென்று கேட்கிறார். மற்ற ஐவருக்கும் இன்னும் ஒரு மீனும் அகப்படவில்லை. காசு முழுவதும் கொடுத்தாயிற்று. 'ஐந்துக்கு ஒன்று, வாக்கெடுப்போம்' என்று ஒருவர் சொல்கிறார்.

வாக்கெடுப்பு ஜனநாயகமல்லவா? இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் தகுதி உலகில் வேறெவரையும்விட மலையகத் தமிழருக்கு அதிகம் உண்டு. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நாடாளுமன்றத்திலே முறைப்படி வாக்கெடுத்தே நிறைவேற்றப்பட்டது. கைகள் எண்ணப்பட்டன, பெரும்பான்மை கிடைத்தது, பல இலட்சம் மக்கள் நாடற்றவராயினர். அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. அநீதி பூரணமாக நீங்கச் சட்டத்துக்கு 2003ஆம் ஆண்டு வரை காலம் தேவைப்பட்டது. எண்ணிக்கை நியாயத்தை உண்டாக்குவதில்லை என்பதை நூலிற் படித்து அறியவேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

ஆகவே பெரும்பான்மை எதை முடிவு செய்யலாம், எதை முடிவு செய்யலாகாது என்று பிரித்துக் காணவேண்டும். வடக்கே போவதா கிழக்கே போவதா, எந்த இரையைக் கொழுவுவது, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது ஆகியவற்றைக் கைகளை எண்ணி முடிவு செய்யலாம். ஏனெனில் இவற்றிலே தோற்றவரும் மற்றவரைப் போலவே பயணத்தை அனுபவிக்கிறார். ஒருவருடைய உடலின் துன்பத்தை மற்றவர்களின் இன்பத்தோடு தராசிலிட்டு எடைபோட எந்த வாக்கெடுப்புக்கும் உரிமையில்லை.

இந்தத் தராசு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கடலிலேயே ஒரு சான்று உண்டு. 1884ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட 'மின்யொனெட்' என்ற சிறு பாய்க்கப்பல் யூலை மாதம் தென் அத்திலாந்திக்கில் மூழ்கிற்று. நான்கு பேர் ஒரு சிறு தோணியிலே தப்பினர். உணவும் நீரும் அற்றுப்போயின. ஏறக்குறைய மூன்று வாரங்களின் பின், கப்டன் டட்லி, ஸ்டீவன்ஸ் என்பவரின் சம்மதத்தோடு, நோயுற்றுக் கிடந்த பதினேழு வயதுச் சிறுவன் றிச்சட் பார்க்கரைக் கொன்றார். மூவரும் அவன் உடலைத் தின்று உயிர்வாழ்ந்தனர். சில நாட்களிலே ஒரு ஜெர்மன் கப்பல் அவர்களை மீட்டது. வழக்கு மன்றத்திலே அவர்கள் சார்பாகக் கூறப்பட்ட நியாயம் கணக்கு நியாயமே: ஒருவர் சாகாவிட்டால் நால்வரும் செத்திருப்பார்கள், தமக்குக் குடும்பங்கள் உண்டு, சிறுவனுக்கு இல்லை. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மரண தண்டனை விதித்தது. பின்னர் அது ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது.

பசியினால் மதிமயங்கியவர்களை வயிறு நிறைந்த நாம் எளிதாகக் கண்டித்துவிடலாகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவர்கள் சீட்டுக்கூடக் குலுக்கவில்லை. படகிலே இளையவன் எவனோ, ஏழை எவனோ, நோயாளி எவனோ, அவனே பலியானான். 'பலரின் நன்மைக்காக ஒருவர்' என்று சொல்லப்படும்போதெல்லாம் அந்த ஒருவர் எப்போதும் கடைசிப் படியில் நிற்பவராகவே இருப்பது தற்செயலா?

நம் படகிலே எவரும் சாகப் போவதில்லை. ஆகவே நியாயமும் இரு பக்கமும் பார்க்கவேண்டும். சிறிது குமட்டியதும் அனைவரையும் திருப்பிவிட நோயாளிக்கும் உரிமையில்லை. ஓய்வெடுத்துப் பார்க்கலாம், படகின் ஓட்டத்தைத் தணித்துப் பார்க்கலாம். அவரால் இனித் தாங்க இயலாது என்ற நிலை வந்ததும் திரும்பத்தான் வேண்டும். நட்டம் யாருடையது? அது ஆறு பேருடையதும் ஆகும். கடல் யாரைச் சாய்க்கும் என்று காலையில் எவருக்கும் தெரியாது, எவரும் சாய்ந்திருக்கலாம். தோட்டத்து மரண உதவிச் சங்கத்திலே மாதந்தோறும் காசு கட்டுபவர், 'இந்த மாதம் என் வீட்டில் சாவில்லையே, என் காசைத் திருப்பிக் கொடு' என்று கேட்பதில்லை. ஆபத்தைப் பொதுவில் வைத்தவர்கள் நட்டத்தையும் பொதுவில் வைத்தவர்களே.

❖

இதுவரை ஆறு பேரைப் பற்றியே பேசினோம். ஆனால் படகிலே இருப்பவர் எட்டுப் பேர். சுக்கான் பிடிப்பவர் ஒருவர். இரை கொழுவி, நரம்பு சிக்கெடுத்து, மீனைக் கொக்கியால் தூக்கிப் படகினுள் போடும் இளைஞர் ஒருவர். இவ்விருவரையும் கணக்கிலே சேர்க்காமல் இவ்வளவு தூரம் நியாயம் பேச முடிந்ததே, அதுவே இக் கட்டுரையின் மையச் சிக்கல்.

மீன் எங்கே மேயும் என்று அறிந்தவர் அவர். பறவைகள் வட்டமிடும் திசையைப் பார்த்துப் படகைத் திருப்பியவர் அவர். நீரோட்டமும் காற்றும் அவருக்கே தெரியும். நாம் செய்தது கோலைப் பிடித்துச் சுற்றியது மாத்திரம். ஆனால் கரைக்கு வந்ததும் மீனைத் தூக்கிப் பிடித்து நின்று படம் எடுத்துக்கொள்பவர் நாம். படத்தில் படகோட்டி இல்லை. பெரும்பாலும் அந்தப் படத்தை எடுத்துக் கொடுப்பவரே அவர்தான்!

மடுல்கெல்லவிலே இருப்பவர்களுக்கு இந்தப் படம் பழக்கமானது. தேயிலைப் பெட்டியிலே தோட்டத்தின் பெயர் இருக்கும், கம்பனியின் பெயர் இருக்கும். கொழுந்து கிள்ளிய விரல்களின் பெயர் இருப்பதில்லை.

'மீன் யாருடையது?' என்ற கேள்வியை ஐரோப்பியத் தத்துவம் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பியிருக்கிறது. 1690ஆம் ஆண்டை முகப்பிலே தாங்கி வெளிவந்த ஜோன் லொக்கின் அரசாங்கம் பற்றிய நூல், சொத்துரிமையின் தோற்றத்தை உழைப்பிலே காண்கிறது. மனித குலத்தின் பொதுச் சொத்தாகிய பெருங்கடலிலே ஒருவர் பிடிக்கும் மீன், அவர் தம் உழைப்பை அதனோடு கலந்ததனால் அவருடையதாகிறது என்பது அவர் வாதம். அருமையான வாதம்தான். ஆனால் அதே அத்தியாயத்திலே, தமது வேலைக்காரர் வெட்டிய புற்கரணையும் தமக்கே சொந்தம் என்று அவர் எழுதிச் செல்கிறார். உழைத்தவர் வேலைக்காரர், உரிமை எசமானுக்கு! உழைப்பே உரிமைக்கு மூலம் என்று தொடங்கிய தத்துவம் சில வரிகளுக்குள்ளேயே பிறர் உழைப்பைத் தன் உழைப்பாக எழுதிக்கொள்கிறது. அந்தச் சில வரிகளுக்கிடையிலேதான் தோட்டங்களும் ஆலைகளும் எழும்பின.

'நாம் வாடகை கொடுத்துவிட்டோம், அவரும் சம்மதித்தார், அத்தோடு கணக்குத் தீர்ந்தது' என்று ஒருவர் சொல்லலாம். இதனை அலட்சியமாகத் தள்ள முடியாது. படகோட்டியே இதை விரும்பவும் கூடும். மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவருக்கு நிச்சயமான ஒரு தொகை வருகிறது. பங்கு என்று போனால் மீனில்லாத நாளில் அவர் வீட்டு அடுப்பு எரியாது.

இந்த அச்சத்துக்குக் காரணம் உண்டு. நம் நாட்டின் பலநாள் மீன்பிடிப் படகுகளிலே பங்கு முறையே நடைமுறை. வாரக்கணக்கில், சிலவேளை ஒரு மாதத்துக்கும் மேலாகக் கடலிலே கிடந்து திரும்பியதும், டீசல், ஐஸ், இரை, உணவு ஆகியவற்றின் செலவு முதலிலே கழிக்கப்படுகிறது. மிஞ்சியதிலே பெரும்பாலும் பாதி படகுச் சொந்தக்காரருக்கு. மறு பாதியை ஓட்டியும் தொழிலாளரும் தமக்குள்ளே பிரித்துக்கொள்கிறார்கள். மீன் பட்டால் கை நிறையும். படாவிட்டால், ஒரு மாத உழைப்புக்கு வெறுங்கையோடு வீடு திரும்பவேண்டும். சம்மாட்டிக்கு நட்டம் என்பது பணநட்டம். தொழிலாளிக்கு நட்டம் என்பது உயிரைப் பணயம் வைத்த நாட்கள். பெயர் பங்குதான்.

ஆகவே 'பங்கு' என்ற சொல்லைக் கண்டதும் சமத்துவம் வந்துவிட்டதென்று மயங்கலாகாது. பங்கு மூன்று வகைப்படும். பயனிலே பங்கு, நட்டத்திலே பங்கு, சொல்லிலே பங்கு. இம் மூன்றும் ஒருங்கே அமைந்தால்தான் அது பங்காளித்துவம். பயனில் பங்கு தராமல் நட்டத்தில் மாத்திரம் பங்கு தருவது சுரண்டல். பயனில் பங்கு தந்து சொல்லில் பங்கு தராவிட்டால் அது தயவு. இன்று தருபவர் நாளை நிறுத்தலாம்.

இதனை நாம் கடலைப் பற்றி மாத்திரம் சொல்லவில்லை. 1992இல் அரசாங்கத் தோட்டங்களின் முகாமையைப் பொறுப்பேற்ற கம்பனிகள், அண்மைக் காலமாக, நாட்சம்பளத்துக்குப் பதிலாக வருமானப் பங்கீட்டு முறையைக் கொண்டுவரவேண்டும் என்று வற்புறுத்தி வருகின்றன. தொழிலாளி இனிக் கூலியாளல்லர், பங்காளி என்கிறார்கள். நல்ல சொல்! 2024ஆம் ஆண்டிலே 1,350 ரூபாய் நாட்சம்பளத்தை எட்டுவதற்கே எத்தனை ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது என்பதை அறிந்தவர்கள் இச் சொல்லை உரைத்துப் பார்க்காமல் ஏற்க மாட்டார்கள். விலை உயரும்போது பங்கு எவ்வளவு? விலை சரியும்போது யார் தாங்குவது? கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை பங்காளிக்கு உண்டா? நிறை குறைந்தால் அரைப்பேர் போடுபவரின் தராசை எதிர்த்துக் கேட்க முடியுமா? இக் கேள்விகளுக்கு விடை இல்லாத இடத்திலே 'பங்காளி' என்பது கூலியாளுக்கு மாட்டிய புதிய பெயர்ப்பலகையே.

❖

படகை ஒழுங்கு செய்பவரையும் மறக்கலாகாது. ஐந்தாறு பேரைச் சேர்த்து, பணம் திரட்டி, படகுக்காரரோடு பேசி முடிப்பவர் ஒருவர் எப்போதும் இருப்பார். அவர் உழைப்பும் உழைப்புத்தான். அதற்காக அவர் தம் பங்குக் காசைக் குறைத்துக்கொண்டால் தவறில்லை, மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தால். தெரியாமல் ஒவ்வொரு தலைக்கும் சிறிது கூட்டி வாங்கித் தாம் இலவசமாகப் பயணம் செய்தால்? அப்போது அவர் நம் வரலாற்றிலே நன்கு அறிமுகமான ஒரு மனிதராகிவிடுகிறார். ஆள் சேர்த்து வந்த கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. வேலைக்கு வரும் ஒவ்வொரு பேருக்கும் பென்ஸ் காசு கிடைத்தது. அவரும் தோணியில் கூடவே வந்தவர்தான், ஒரே ஊர்க்காரர்தான், சில வேளை உறவினர்தான். ஒரே தோணியில் வந்தவர்களை இரண்டு வர்க்கமாக்கியது அந்தத் தலைக்காசு.

❖

இந்த இடத்தில் ஒரு தோழர் குறுக்கிடக்கூடும். 'மக்கள் உணவுக்குத் திண்டாடும் நாட்டிலே பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பதைப் பற்றி ஒரு தத்துவமா? அது துரைமாரின் பழக்கம்' என்பார் அவர். வரலாறு அவருக்குச் சார்பாகவே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, மலைநாட்டுக் குளிர்ந்த நீரோடைகளிலே தூண்டில் போட்டு விளையாடுவதற்காகவே பிரித்தானியத் தோட்டத்துரைமார் ஐரோப்பாவிலிருந்து டிரவுட் மீனைக் கொண்டுவந்து வளர்த்தார்கள். மீனும் வந்தேறியது, ஆளும் வந்தேறியவர். ஒன்று விளையாட்டுக்கு வந்தது. மற்றது வேலைக்கு வந்தது.

ஆயினும் இன்பம் துரைமாரின் ஏகபோகச் சொத்து என்று ஒப்புக்கொள்வது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும். மார்க்ஸும் எங்கெல்சும் 1845–46இல் எழுதி, 1932இலேயே முழுமையாக அச்சேறிய 'ஜெர்மன் சித்தாந்தம்' என்னும் நூலிலே எதிர்காலச் சமுதாயத்தைப் பற்றி ஒரு சித்திரம் வருகிறது. அங்கே மனிதர் காலையில் வேட்டையாடலாம். பிற்பகலில் மீன் பிடிக்கலாம். மாலையில் கால்நடை வளர்க்கலாம். உணவுக்குப் பின் விமர்சனம் எழுதலாம். ஆனால் எந்நாளும் வேடராகவோ மீனவராகவோ இடையராகவோ விமர்சகராகவோ மாத்திரம் சிறைப்பட்டுக் கிடக்கமாட்டார். எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர் போராடியதும் மீதிப் பொழுது தமதாக இருக்கவேண்டும் என்பதற்காகவேயன்றோ?

கொழுந்து கிள்ளுபவரின் மகள் ஒரு நாள் கடலிலே தூண்டில் போடுவது அந்தச் சித்திரத்தின் ஒரு சிறு கீற்று. ஆனால் சித்திரத்தின் மறு பாதியைக் காணவேண்டும். நாம் மீனவராகாமல் மீன் பிடித்த அதே நாளிலே, நம் முன்னே ஒருவர் மீனவராக மாத்திரம் நின்றார். நம் ஓய்வு நாள் அவருடைய வேலை நாள். போர்க் காலத்திலே கடலுக்குப் போகத் தடைகளும் கெடுபிடிகளும் இருந்தன. 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை வந்து வீட்டையும் வள்ளத்தையும் அள்ளிச் சென்றது. இவற்றைக் கடந்துவந்த கரையோர மக்களிலே எத்தனை பேர் ஓய்வுக்காக நக்கிள்ஸ் மலையேறி, மடுல்கெல்லவின் குளிர் காற்றிலே ஒரு கோப்பைத் தேநீர் அருந்தியிருக்கிறார்கள்? மலையிலிருந்து கடலுக்கும், கடலிலிருந்து மலைக்கும் இரு வழிப் பயணம் அமையும் நாளிலேதான் அந்தச் சித்திரம் முழுமை பெறும். அதுவரை நம் இன்பம் குற்றமன்று. ஆனால் அது கடன்பட்ட இன்பம்.

❖

கடன் மனிதருக்கு மாத்திரமா? 1609ஆம் ஆண்டிலே ஹூகோ குரோசியஸ் கடல் யாவருக்கும் பொது என்று வாதாடினார். காட்டிலே வேட்டையாடினால் விலங்குகள் தீரலாம், ஆற்றிலே பிடித்தால் மீன் தீரலாம், கடலிலோ அது நடவாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பனியின் வணிகத்துக்காக எழுந்த இந்தப் பொதுமை வாதத்தின் பின்னே வந்த ஒல்லாந்தக் கப்பல்கள், 1658ஆம் ஆண்டுக்குள் இலங்கையின் கரையோரத்தையே கைப்பற்றின என்பது வேறு கதை. ஆனால் கடல் வற்றாது என்ற அந்த நம்பிக்கை இன்று பொய்த்துவிட்டது. அடிமட்ட இழுவை வலைகள் கடலின் தரையையே வழித்தெடுத்ததனால் 2017இல் அம் முறையை இலங்கை சட்டத்தால் தடை செய்யவேண்டியதாயிற்று.

ஆறு தூண்டில்கள் கடலை வற்றச் செய்யா. எனினும் 'நான் ஒருவர் எடுப்பதால் என்ன?' என்று அனைவரும் கேட்பதாலேயே பொதுச் சொத்து அழிகிறது. மேலும், தூண்டிலின் மறுமுனையில் இருப்பதும் உயிர். மீனின் வாயிலே தீங்கை உணரும் நரம்புகள் உண்டென்று 2003இல் டிரவுட் மீன்களைக் கொண்டு விஞ்ஞானிகள் எடுத்துக்காட்டினர். உணவுக்காகக் கொல்வதும் களிப்புக்காக வதைப்பதும் ஒன்றாகா. கருவாட்டிலும் மீன்குழம்பிலும் வளர்ந்த நாம் மீனுண்பதைப் பாவம் என்று சொல்லப்போவதில்லை. உண்ணப் போகும் அளவுக்குப் பிடிப்போம். குஞ்சுகளைக் காயமின்றிக் கடலில் விடுவோம். படத்துக்காக ஒரு மயில்மீனைக் கொன்று கரையிலே அழுகவிட மாட்டோம். இது துறவியின் அறமன்று. பசியை அறிந்தவரின் அறம்.

❖

இனி, நடைமுறையிலே செய்யவேண்டியது என்ன? மூன்று பங்குகளையும் புறப்படுமுன் பேசி முடிப்பதே. செலவு எவ்வளவு, ஒழுங்கு செய்தவருக்கு என்ன என்பது அனைவருக்கும் தெரியவேண்டும். முறை சீட்டிலே, மீன் பொதுவிலே. படகோட்டிக்கும் உதவியாளருக்கும் நிச்சயமான கூலி முதலிலே. அதற்கு மேல் மீனிலும் அவர்களுக்குப் பங்கு உண்டென்று கூசாமல் முன்கூட்டியே சொல்லிவிடுவது. கரையிலே இறங்கும்போது கையிலே திணிக்கும் 'சந்தோசம்' வேறு, பங்கு வேறு. முன்னது நம் பெருந்தன்மையைக் காட்டும். பின்னது அவர் உரிமையைக் காட்டும்.

சொல்லிலே பங்கு மிக முக்கியம். வானம் கறுத்திருக்கிறது, இன்று போகவேண்டாம் என்று படகோட்டி சொன்னால், கூடுதல் காசைக் காட்டி அவரை இழுப்பது கொடுமை. வறுமையிலே உள்ளவர் காசுக்கு முன்னே சொல்லும் 'சரி' சுதந்திரமான சம்மதமன்று. 'போகமாட்டேன்' என்று சொல்லியும் அன்றைய சோற்றை இழக்காதவருக்கே சம்மதிக்கும் சுதந்திரம் இருக்கிறது. தோட்டத்துப் பிரட்டுக்களத்திலே விடியற்காலையில் வரிசையாக நின்ற தலைமுறைகளுக்கு இது விளங்காதா?

இவை சிறிய விதிகள். இவற்றால் உலகம் மாறிவிடாது. ஆனால் உலகத்தை மாற்றவேண்டும் என்று வகுப்பறையிலும் மேடையிலும் பேசும் நாம், எட்டுப் பேர் உள்ள ஒரு படகிலே ஒரு நாளைக்கு அதை நடத்திக் காட்ட முடியாதவர்களாக இருந்தால், நம் பேச்சை எவர் நம்புவார்? எண்ணப்பட்ட தலைகளாக ஒரு காலத்திலே கடல் கடந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். முதன்முறையாகக் காசு கொடுத்துப் படகேறும்போது, பிறரின் தலையை எண்ணாமல் விட்டுவிடும் கூட்டமாக நாம் மாறிவிடலாகாது. ஒரு படகிலே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால், காசு கொடுத்தவர்களை மாத்திரம் எண்ணாமல், இருப்பவர் அனைவரையும் எண்ணிச் சொல்லப் பழகவேண்டும். சமத்துவம் என்ற கணக்கின் முதற்பாடம் அதுதான்.